இவர் என்ன செய்தார்?

நூலகப் பதிவில் 100 என்ற எண்ணுக்குரிய இடத்தில் ஒருவரைத்தான் வைக்க முடியும். இந்த நூலைப் படைத்தவர் இவர் என்று நூலகம் உறுதியாகச் சொல்லும் இடம் அது. உடன் உழைத்த மற்றவர்கள் 700-இல் வருவார்கள். அங்கே எத்தனை பேருக்கும் இடம் உண்டு. மார்க் என்னும் பதிவு முறையில் இது தொடக்கப் பாடம். நூலக அறிவியலில் முதுகலை முடித்து, பழைய தமிழ் அச்சுநூல்கள் நிறைந்த ஒரு நூலகத்தின் நூற்பட்டியாக்கப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது இந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் ஒரு நூலைக் கையில் எடுத்து, அதில் பெயர் அச்சாகியிருக்கும் ஒவ்வொருவரையும் எந்த இடத்தில், என்ன உறவு சொல்லி எழுதுவது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றியும் கற்றுக்கொண்ட வழியில் நான் கெடுத்த பதிவுகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

எங்கள் பிரிவில் எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் அழைப்போம். பணி ஓய்வுக்குப் பிறகும் பழைய நூல்களின் பதிவுகளைச் சரிபார்க்க வந்துகொண்டிருந்தார். அட்டைக் காலத்தில் தொழில் கற்றவர். ஏழரை சென்டிமீட்டர் உயரமும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அட்டை. அதன் அடியில் ஒரு துளை. இழுப்பறைக்குள் அந்தத் துளைகளைக் கோத்துக்கொண்டு ஓடும் கம்பி. ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை தட்டச்சு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயரிலும் வாசகர் தேடுவார் என்று தோன்றினால் அதற்கு இன்னோர் அட்டை. பதிப்பாசிரியருக்கு மற்றொன்று. பிறகு கம்பியை உருவி அகரவரிசையில் கோக்க வேண்டும். ஒவ்வொரு பெயரும் விரலுக்கு வேலை வைத்ததால், சேர்ப்பதற்கு முன் யோசித்தார்கள்.

விதிகளும் அப்படித்தான் இருந்தன. 1978-இல் வந்த ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டி விதிகளின் இரண்டாம் பதிப்பு, மூன்று பேருக்கு மேல் சேர்ந்து எழுதிய நூலானால் முதல் பெயரை மட்டும் எழுதி மற்றவர்களை விட்டுவிடச் சொன்னது. ஒருவர் செய்த வேலையைக் குறிக்க நான்கே சுருக்கங்கள்தாம் அதில் உண்டு: தொகுத்தவர், பதிப்பாசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர். அதுவும் நூலகம் விரும்பினால் மட்டும். 2010-இல் வந்த ஆர்டிஏ விதிகள் மூவர் என்ற எல்லையை எடுத்துவிட்டன. இப்போது கணினியில் 700-ஐ எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம். உறவைச் சொல்லும் பட்டியலில் இருநூறுக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு. கட்டத்தின் மேல் அழுத்தினால் பட்டியல் முழுதும் விரிந்து விழும். நான் தடுமாறத் தொடங்கியது அந்தப் பட்டியலின் முன்னால்தான்.

முதலில் எனக்குக் கொடுக்கப்பட்டவற்றுள் ஒன்று உ. வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு. 1894-இல் முதன்முதலாக வெளிவந்ததன் பிற்கால அச்சு. நூலின் முதுகில் அவர் பெயர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே 100-இல் அவரை வைத்தேன். உறவு: ஆசிரியர். சேமித்துவிட்டு அடுத்த நூலுக்குப் போனேன்.

நாங்கள் முடிக்கும் பதிவுகளைச் சார் தாளில் அச்செடுத்துத்தான் படிப்பார். திரையில் படித்தால் கண் தாவிவிடும் என்பார். அந்தத் தாள் மறுநாள் என் மேசைக்குத் திரும்பியது. சாமிநாதையர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில், 'இவர் என்ன செய்தார்?' பின்வந்த காலத்தில் இந்த மூன்று சொற்களை எத்தனையோ தாள்களில் பார்த்தேன். அன்று அவரிடமே போய், "பதிப்பித்தார் சார்" என்றேன்.

"புறநானூறு எழுதினாருன்னு போட்டிருக்கியேம்மா" என்றார்.

பதிப்பாசிரியர் என்று மாற்றி 700-க்கு நகர்த்தினேன். 100 காலியாகிவிட்டது. அதைக் காலியாக விட மனம் வரவில்லை. பதிவில் தலை இல்லாதது போல் இருந்தது. எனவே பாடியவர்களை எழுதத் தொடங்கினேன். கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனாரை 100-இல் வைத்தேன். மற்றவர்களை ஒவ்வொருவராக 700-இல் சேர்த்தேன். புறநானூற்றில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புலவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஆசிரியர், ஆசிரியர், ஆசிரியர். கை வலித்தது, ஆனால் பெரிய காரியம் செய்கிறேன் என்ற நினைப்பும் இருந்தது. ஒருவரையும் விடவில்லை அல்லவா?

சார் அந்தத் தாள்களை முழுதும் படித்தார். நடுவில் நிறுத்தவில்லை. பிறகு என்னை எதிரில் உட்கார வைத்தார். கபிலர் தம் பாடல்களுக்கு ஆசிரியர், ஔவையார் தம்முடையவற்றுக்கு. நானூறு பாடல்களும் சேர்ந்த 'புறநானூறு' என்ற தொகைக்கு அவர்களில் எவரும் ஆசிரியர் இல்லை. பெருந்தேவனாரை முதலில் வைத்தால், நூல் முழுவதையும் அவர் படைத்ததாக நம் நூலகம் சொல்கிறது. பலருடைய படைப்புகள் சேர்ந்த தொகைநூலுக்குத் தலைப்பே முதலிடம் பெறும். "தெரிஞ்சே காலியா விடு. பயப்படாதே" என்றார். நான் சேர்த்த பெயர்களை நானே ஒவ்வொன்றாக அழித்தேன். சேர்த்ததைவிட அழிப்பதற்கு அதிக நேரம் பிடித்தது. ஒவ்வொரு பெயரையும் அழிக்கும்போது ஏன் என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதோடு முடியவில்லை. அந்தப் பதிப்பில் முதல் 266 பாடல்களுக்குப் பழைய உரை ஒன்று இருக்கிறது. உரைகாரர் பெயர் தெரியாது. பெயர் இல்லையே என்று நான் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. சாரின் பென்சில் இந்த முறை தாளின் அடியில் எழுதியிருந்தது: 'உரை எழுதியவர் எங்கே?'

"பேர் தெரியலையே சார்."

"பேர் தெரியலைன்னா அவர் எழுதவே இல்லைன்னு ஆயிடுமா?"

பெயரில்லாதவருக்கு 700 இல்லை. ஆனால் 500 என்ற குறிப்புப் பகுதி இருக்கிறது. இத்தனை பாடல்களுக்குப் பழைய உரை உண்டு, இயற்றியவர் பெயர் தெரியவில்லை என்று அதில் ஒரு வரி எழுதினேன். நான் எழுதியவற்றுள் சார் திருத்தாமல் விட்ட முதல் வரி அது.

படைப்பாளர், பங்களிப்பாளர் என்று இரண்டு வகை இருப்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. படைப்புக்குக் காரணமானவர் படைப்பாளர். அந்தப் படைப்பு ஒரு குறிப்பிட்ட உருவில் நம்மிடம் வருவதற்கு உழைத்தவர் பங்களிப்பாளர். இதைக் கையில் பிடிக்கக் கற்றது திருக்குறளில்தான். சார் மூன்று நூல்களை மேசையில் வைத்தார்: பரிமேலழகர் உரையுடன் கூடிய குறள், 1886-இல் வெளிவந்த ஜி. யு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, மு. வரதராசனின் 'திருவள்ளுவர் அல்லது வாழ்க்கை விளக்கம்'. மூன்றிலும் திருவள்ளுவரை எங்கே வைப்பாய் என்று கேட்டார்.

முதல் இரண்டிலும் 100 என்றேன். சரி. மூன்றாவதில் 700 என்றேன். வள்ளுவரும் பங்களித்திருக்கிறார் என்றுதானே தோன்றும்? அவர் குறட்பாக்கள் உள்ளே மேற்கோளாக நிறைய வருகின்றன. சார் ஒன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைப்பையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வியை எழுதினார்: 'இவர் இல்லாவிட்டால் எது இருக்காது?' வள்ளுவர் இல்லாவிட்டால் குறள் இல்லை. பரிமேலழகர் இல்லாவிட்டாலும் குறள் இருக்கும்; இந்த உரை இருக்காது. போப் இல்லாவிட்டால் குறளும் இருக்கும், உரையும் இருக்கும். இந்த ஆங்கிலம் இருக்காது. ஆகவே இருவரும் 700. ஒருவர் உரையாசிரியர், ஒருவர் மொழிபெயர்ப்பாளர். மூன்றாவது நூல் மு.வ. எழுதியது. 100-இல் அவர். வள்ளுவர் அந்த நூலில் எழுதும் இடத்தில் இல்லை, எழுதப்படும் இடத்தில் இருக்கிறார். அவருக்குரியது 600, பொருளாக வரும் பெயர்களின் இடம்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நிறைய தூரம் போகலாம். எல்லா இடத்துக்கும் போக முடியாது என்பதையும் பின்னால் கண்டேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பெரிய பிடிமானம்.

பெயரை மட்டும் எழுதி உறவை எழுதாமல் விடும் பழக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. பட்டியல் விரிவதற்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுவேன். ஒருநாள் சார் தன் மேசையில் இருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுலே ஒரு பேராவது உறவு சொல்லாம நிக்குதா பாரு." பேரன், பேத்தி, மகன், மகள், தாய்மாமன், பெயர் இருக்கும் இடமெல்லாம் உறவும் இருந்தது. அதற்குப் பிறகு உறவுக் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமித்ததாக எனக்கு நினைவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலைப்புப் பக்கங்கள் தனி உலகம். இன்னார் இயற்றிய மூலமும், இன்னார் செய்த உரையும், இன்னாரால் பரிசோதிக்கப்பட்டு, இன்னார் கேட்டுக்கொண்டபடி, இன்னாரது அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று ஒரே வாக்கியமாக ஓடும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். 'பரிசோதித்தவர்' என்று கண்ட இடத்தில் நான் பட்டியலில் தேடிப் 'பிழைதிருத்துநர்' என்பதைப் போட்டேன். அச்சுப்படியில் பிழை பார்ப்பவர் என்றே எடுத்துக்கொண்டேன். ஆறுமுக நாவலர் போன்றவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்து அச்சேற்றிய உழைப்பை அந்தச் சொல்லுக்குள் அடக்கியிருந்தேன். சார் வெகுநேரம் பேசாமல் இருந்தது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான். பிறகு நாவலர் பதிப்பு ஒன்றை எடுத்து வந்து, முன்பகுதியையும் உள்ளேயும் என்னைப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் பதிப்பாசிரியர் என்று மாற்றினேன். ஆனால் ஒவ்வொரு 'பரிசோதித்து'-ம் இதே பொருளில் வராது என்றும் எச்சரித்தார்; சிலர் உண்மையிலேயே அச்சுப்படி மட்டும் பார்த்திருக்கிறார்கள். நூலைத் திறந்து பார்க்காமல் பட்டியலில் சொல் எடுக்கக் கூடாது என்பது அங்கே படிந்தது.

அடுத்ததாகச் சொல்லப்போவதில் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் சி. வை. தாமோதரம்பிள்ளை 1885-இல் அச்சேற்றினார். செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து அவர் காப்பாற்றித் தந்த நூல்களுள் ஒன்று. முழுதும் நச்சினார்க்கினியர் உரை என்றே அது வெளிவந்தது. பிற்பகுதி இயல்களுக்கு அதில் இருப்பது பேராசிரியர் உரை என்பதைப் பின்வந்த அறிஞர்கள் நிறுவினார்கள். கல்லூரியில் இதைப் படித்திருந்தேன். எனவே ஊக்கத்தோடு, 245-இல் தலைப்புப் பக்கத்தை எடுத்தெழுதும்போதே, நச்சினார்க்கினியர் பெயரோடு பேராசிரியர் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டேன். உண்மையைத்தானே எழுதினேன்?

சார் அதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. "தலைப்புப் பக்கத்துலே இல்லாததை இருக்குன்னு எழுத உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?" என்றார். 245 நூல் தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ அதற்கான இடம். அதில் நாம் கைவைத்தால், வேறு ஊரில் அதே பதிப்பைக் கையில் வைத்திருப்பவர், இது வேறு பதிப்பு என்று நினைத்துக்கொள்வார். 1885-இல் என்ன தெரிந்திருந்தது என்பதும் அழிந்துபோகும். நாம் அறிந்ததைச் சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன. எடுத்தெழுதுவதில் நச்சினார்க்கினியர் மட்டும். 700-இல் நச்சினார்க்கினியர், பேராசிரியர் இருவரும் உரையாசிரியர்களாக, தாமோதரம்பிள்ளை பதிப்பாசிரியராக. 500-இல், பிற்பகுதி உரை பேராசிரியருடையது எனப் பின்னர் அறியப்பட்டது என்ற குறிப்பு. அன்று மாலை அந்தப் பதிவைத் திரும்ப எழுதும்போது, நூல் சொல்வதும் நாம் சொல்வதும் ஒரே திரையில் தனித்தனி எண்களில் நின்றன. அதுவரை எண்களை விதியாகப் பார்த்தேன். அவை இரண்டு குரல்களைக் கலக்காமல் காக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. இந்தத் தொழிலில் எனக்கு மரியாதை பிறந்தது அந்த மாலையில்.

உறவு சரியாக இருந்தாலும் ஆள் மாறிப்போனால் எல்லாம் வீண். தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்து ஊரையோ தந்தையையோ சொல்லும். இயற்பெயர் பின்னால் வரும். விதிகளும் தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லாதபோது இயற்பெயரின் கீழ்ப் பதியச் சொல்கின்றன. அதனால் முதலெழுத்து பின்னுக்குப் போய்விடும். கண் அதைக் கவனிக்காமல் கடந்துவிடும். ரா. இராகவையங்காரின் 'தமிழ் வரலாறு' என்னிடம் வந்தபோது, கணினியில் 'இராகவையங்கார்' என்று தட்டி, முதலில் வந்த பெயரோடு இணைத்தேன். வந்தவர் மு. இராகவையங்கார். இருவரும் உறவினர்கள்; இருவரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு ஆசிரியர்களாக இருந்தவர்கள்; இருவரும் தமிழாராய்ச்சி செய்தவர்கள். ஒருவர் 1870 முதல் 1946 வரை வாழ்ந்தார், மற்றவர் 1878 முதல் 1960 வரை. அந்த ஆண்டுகளைப் பெயரோடு சேர்த்து எழுதுவது அலங்காரத்துக்கு என்று நான் எண்ணியிருந்தேன். என் ஓர் இணைப்பால், 'வேளிர் வரலாறு' எழுதியவரே 'தமிழ் வரலாறு'ம் எழுதியவராகிவிட்டார். சார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, இருவர் அட்டைகளும் கலந்து கோக்கப்பட்டிருந்ததைக் காட்டினார். "இது ரொம்ப நாளாவே நடக்குதும்மா. பிரிச்சு வை" என்றார். இருவர் நூல்களையும் அலமாரியிலிருந்து இறக்கி, முன்னுரைகளைப் படித்து, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மறைமலையடிகளின் தொடக்கக் கால நூல்கள் வேதாசலம் என்ற பெயரில் இருக்கும், புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே. இவர்களை ஒன்றுசேர்ப்பதும் அந்த இருவரைப் பிரிப்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

இதிலேயே இன்னொன்று. ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்த 'பதேர் பாஞ்சாலி'யைப் பதிவு செய்தபோது, அவருக்குப் பெயர்ப் பதிவு புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. சண்முகசுந்தரம், ஆர்., மொழிபெயர்ப்பாளர் என்று, உறவைப் பெயரோடு ஒட்டியே எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்ற எண்ணம். கொஞ்ச நாள் கழித்து அவருடைய 'நாகம்மாள்' வந்தது. 1942-இல் வெளிவந்த அவர் சொந்த நாவல், கொங்கு மண்ணின் கதை. இணைத்ததும் திரையில், நாகம்மாளின் ஆசிரியர் இடத்தில், 'மொழிபெயர்ப்பாளர்' என்ற சொல் வந்து நின்றது. சார் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். உறவு ஆளிடம் இல்லை. ஆளுக்கும் நூலுக்கும் இடையில் இருக்கிறது. பெயர்ப் பதிவில் அவர் ஒருவர். உறவு ஒவ்வொரு நூலின் பதிவிலும் தனித்தனியே எழுதப்பட வேண்டியது. அதைத் திருத்தியபின் அவர் பெயரைத் தேடினால், எழுதியவை ஒரு பக்கம், வங்கத்திலிருந்து கொண்டுவந்தவை ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றன. யாரும் சொல்லாமல் எனக்கே புரிந்த முதல் விஷயம் இதுதான்.

தழுவல்களில் அந்த 'இவர் இல்லாவிட்டால்' கேள்வி என்னைக் கைவிட்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் 'அமலாதித்யன்' ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைத் தழுவியது. ஷேக்ஸ்பியர் இல்லாவிட்டால் இது இருக்காது. ஆகவே 100 அவருக்கு, சம்பந்த முதலியார் மொழிபெயர்ப்பாளர் என்று எழுதினேன். சார் நூலைப் பிரித்துப் பாத்திரங்களின் பெயர்களைப் படிக்கச் சொன்னார். டென்மார்க்கும் இல்லை, ஹாம்லெட்டும் இல்லை. தமிழ் மேடைக்காக வேறு மண்ணில் நட்டு வளர்த்த நாடகம். மொழிபெயர்ப்பு பழைய படைப்பின் இன்னொரு வெளிப்பாடு. தழுவல் புதிய படைப்பு. 100-இல் சம்பந்த முதலியார்; ஷேக்ஸ்பியரும் ஹாம்லெட்டும் சேர்ந்து, 'இதன் தழுவல்' என்ற உறவோடு 700-இல். 1891-இல் வந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்', லிட்டனின் கதையிலிருந்து எழுந்தாலும் இப்படித்தான். கம்பனையும் வால்மீகியையும் நினைத்துக்கொண்டால் தமிழருக்கு இதில் குழப்பமே இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது.

பிறகு ஐங்குறுநூறு வந்தது. சாமிநாதையர் 1903-இல் பதிப்பித்தது, மூலமும் பழைய உரையும். இதுவரை தனித்தனியாகத் தடுக்கி விழுந்தவை எல்லாம் அதில் ஒன்றாக இருந்தன. ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாடல், ஒவ்வொருவருக்கும் ஒரு திணை: மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். தொகைநூல், ஆகவே 100 காலி. ஆனால் இங்கே ஒவ்வொருவர் பங்கும் தனித்து நிற்கிறது. 700-இன் முன்னால் இரண்டு சிறு கட்டங்கள் உண்டு, இண்டிகேட்டர் என்போம். இரண்டாவது கட்டத்தில் 2 என்று இட்டால், இவருடைய படைப்பு இந்த நூலுக்குள் அடங்கியிருக்கிறது என்று பொருள். ஐந்து பேரையும் அவரவர் நூறோடு அப்படி எழுதினேன். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். பதிப்பாசிரியர் சாமிநாதையர். பழைய உரைகாரர் பெயர் தெரியாதவர், அவருக்குக் குறிப்பு.

இன்னும் ஒருவர் மிச்சம்: யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை, தொகுப்பித்தவர். அவர் ஒரு வரியும் எழுதவில்லை, தொகுக்கவும் இல்லை. தொகுக்கச் செய்தார். படைப்பாளர் என்றும் சொல்ல முடியாது, பங்களிப்பாளர் என்றும் சொல்ல முடியாது. பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தேன். ஒரு படைப்பைச் செய்யச் சொல்லி ஆதரித்த புரவலருக்கு ஒரு குறியீடு இருந்தது. விதிகளும் படைப்பாளரல்லாமல் படைப்போடு தொடர்புடைய மற்றவர்கள் என்று தனியே ஒரு வகை வைத்திருந்தன. தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் நம் மரபு எப்போதோ பிரித்துக் குறித்து வைத்திருந்தது. கணினிப் பதிவில் அதற்கு உரிய இடத்தைக் கண்டுபிடிப்பது மட்டுமே என் வேலையாக இருந்தது. சாரின் தாளில் இந்த முறை ஒரே ஒரு பென்சில் கோடு. 100 காலியாக இருக்கும்போது 245-இன் முதல் கட்டத்தில் 0 வர வேண்டும். நான் பழக்கத்தில் 1 என்று விட்டிருந்தேன். அதைத் திருத்தினேன். தாளை அவர் கோப்பில் வைத்துக்கொண்டார், புதிதாக வருபவர்களுக்குக் காட்ட.

இப்போது என்னிடம் திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தின் பாட்டுப் புத்தகத்தில் சாருக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. பாடல்கள் பாபநாசம் சிவனுடையவை. 100-இல் அவர், பாடலாசிரியர் என்ற உறவோடு. அதில் இருவரும் ஒன்று. எம். கே. தியாகராஜ பாகவதரை 700-இல் சேர்க்க வேண்டும் என்றார் சார். இதைத் தேடி வருபவர்கள் அவர் பெயரைத்தான் சொல்லி வருவார்கள். அது உண்மை. ஆனால் கையில் இருப்பது அச்சடித்த சொற்கள். பாகவதர் பாடியது படத்தில். ஜி. ராமநாதனின் இசையும் படத்தில்தான் இருக்கிறது, இந்தத் தாளில் இல்லை. படத்தைத் தொடர்புடைய படைப்பாக 730-இல் இணைப்போம், பாடியவர், இசையமைத்தவர், இயக்கிய சுந்தர் ராவ் நட்கர்னி எல்லாரையும் குறிப்பில் எழுதுவோம், தேடுபவருக்குக் குறிப்பிலிருந்தும் பெயர் கிடைக்கும் என்றேன். ஒலித்தட்டு ஒன்று வந்தால் அதில் பாகவதர் 700-இல் பாடகராக வருவார். சார் நூலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "சரி, அப்படியே எல்லாப் பாட்டுப் புத்தகத்துக்கும் எழுதி வை" என்று சொல்லி, பிரிவின் நடைமுறைக் குறிப்பேட்டை என்னிடம் தந்தார். அந்தப் பக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது. பெட்டியில் மிச்சமிருப்பவற்றுள் பலவற்றில் பாட்டு எழுதியவர் பெயரே அச்சாகவில்லை. அவற்றை அந்தக் காலத்துப் பட விளம்பரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். பெயர் கிடைத்தவற்றுக்கு 100-ஐ நிரப்புகிறேன், கிடைக்காதவற்றுக்குக் குறிப்பு எழுதுகிறேன்.